எட்டுப் பாகை

ஹவுகன்ஸ்டுவா
17 ஏப்ரல், வெள்ளி இரவு

டிலக்சி மச்சாளுக்கு,

இதை வாசித்தவுடன் கிழித்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். மாமிக்குக் காட்டாதீர்கள், அப்பாவின் கார் கராச்சில் வேலை செய்கிற அருளானந்தன் அண்ணைக்குக் காட்டாதீர்கள். அப்பாவின் கண்ணில் படவே கூடாது. நான் இந்த நேரத்தில் முழித்திருப்பது தெரிந்தால் அம்மா கத்துவா, அது பழகிவிட்டது. எதற்காக முழித்திருக்கிறேன் என்று தெரிந்தால் அப்பா கத்தமாட்டார். கதைக்காமல் விட்டுவிடுவார். எனக்கு அதுதான் பயம்.

நீங்கள் போனில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். தடுக்காவிட்டாலும் பத்து மணிக்கு அம்மா போனை வாங்கிவிடுகிறா. ஐபாட்டில் எழுதினால் தம்பி ஹரிசன் வாசிப்பான். அவனுக்குத் தமிழில் ஒரு வரி எழுத்துக்கூட்டி முடிக்கப் பின்னேரம் ஆகிவிடும், அதனால்தான் தமிழில், தாளில் எழுதுகிறேன். அப்பாவின் சாப்பாட்டுப் பையில் பக்கத்தில் சிப் போட்ட அறைக்குள் வைப்பேன். கராச்சில் அந்தப் பையைத் திறந்து சோறு சூடாக்குவது நீங்கள். பின்னேரம் வீட்டில் அதைக் கழுவுவது நான். நடுவில் அப்பா தூக்கிக்கொண்டு போய் வருவார்.

அன்றைக்கு நடந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். கராச்சுக்கு வருகிற வாடிக்கையாளர் மார்க்கின் பழைய வொல்வோ காரை டியூன் பண்ணுகிற வேலையை அப்பா உங்களிடம் கொடுத்தார். நான் மடிக்கணினியுடன் பக்கத்தில் நின்றேன். எஞ்சினுக்குள் பெற்றோலும் காற்றும் சேர்ந்த கலவை தப்பாக வெடித்தால் காட்டிக்கொடுக்கிற கோடு திடீரென்று குதித்தது. "நிப்பாட்டுங்கோ, எஞ்சின் உடையப்போகுது!" என்று கத்தினேன். நீங்கள் தடித்த கையுறையைப் போட்டு, புகைக்குழாய்க்கு மேல் இருக்கிற சூடு மறைக்கிற தகரத்தைப் பிடித்தீர்கள். கோடு படுத்துவிட்டது. கையை எடுத்தீர்கள், குதித்தது. பிடித்தீர்கள், படுத்தது. மார்க் சிரித்தார். அவர் சிரித்தது பரவாயில்லை. அப்பாவும் சிரித்தார். "படிச்ச பிள்ளை தகரம் ஆடினதுக்கே பயந்திட்டா" என்றார்.

அதற்குப் பிறகுதான் அதைச் சொன்னேன், கணிதத்தில் இரண்டு தரம் பெயில் விட்டவளின் கையில் காரைக் கொடுத்தால் இப்படித்தான் என்று. தமிழில் சொல்லியிருந்தால் வீட்டுச் சண்டையாகப் போயிருக்கும். மார்க்குக்கும் விளங்கட்டும் என்று நொர்ஸ்க்கில், நோர்வே மொழியில், சொன்னேன்.

மன்னியுங்கள்.

இனி எழுதுவதுதான் பயமான பகுதி. பள்ளிச் சோதனை முடியும்வரை கராச் பக்கம் வரக்கூடாது, மீறினால் கோடை விடுமுறையிலும் வரக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். ஆனால் நான் அன்றைக்கே கராச்சுக் கணினியில் இருந்து உங்கள் ஓட்டப் பதிவுகளைப் பிரதி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரவில் அவற்றைத்தான் பார்க்கிறேன். நீங்கள் போட்ட மேப், தீப்பொறி எப்போது விழவேண்டும் என்கிற அட்டவணை, இன்றைக்குச் சரி. மே மாதம் முப்பதாம் திகதி மார்க் பந்தய ட்ராக்கில் ஓடும்போது பிழையாகிவிடும்.

பிஸ்டன் மேலே வருவதற்கு எத்தனை பாகை முன்னால் தீப்பொறி விழுகிறதோ, அதில்தான் இழுவை இருக்கிறது. முன்னுக்குப் போகப் போக இழுவை கூடும். அளவு மீறினால் கலவை தானாகவே வெடித்துப் பிஸ்டனை அடிக்கும். காற்று சூடானால் அந்த அளவு சுருங்கும். நீங்கள் டியூன் பண்ணிய நாள் ஆறு பாகைக் குளிர். அன்றைக்குக் கேட்காத சத்தம் வெயிலில் கேட்கும்.

பொறாமையில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

தர்மினி

*

மோர்டென்ஸ்ருட்
21 ஏப்ரல்

தர்மினி,

கிழித்தாயிற்று. கிழித்ததைப் பழைய எண்ணெய் வாளிக்குள்ளும் போட்டாயிற்று. இனி நிம்மதியாகப் படு.

'நீங்கள்', 'மச்சாள்' எல்லாம் நல்ல மரியாதை. மார்க்குக்கு முன்னால் நான் 'அவள்'. மன்னிப்பைக் கடிதத்தில், ஒருவருக்கும் தெரியாமல் கேட்கிறாய். சொன்னது நாலு பேருக்கு முன்னால். சரி, விடு. நீ சொன்னது பொய்யில்லை. இரண்டு தரம்தான். மூன்றாம் தரம் பாஸ் பண்ணினேன், அதை மாமா உனக்குச் சொல்லியிருக்கமாட்டார்.

தீப்பொறி என்றால் என்ன என்று எனக்கே பாடம் எடுத்திருக்கிறாய். பரவாயில்லை, டீச்சர். இப்போது நான் சொல்கிறேன், கேள். எஞ்சின் கட்டையில் ஒரு செப்புக் குழாயை இறுக்கியிருக்கிறேன். அதன் மறுமுனையில் ரப்பர்க் குழாய். அது டாஷ்போர்டுக்குக் கீழால் உள்ளே வந்து என் காதுமூடிக்குள் முடிகிறது. மார்க் ஓட்டுவார், நான் பக்கத்தில் இருந்து கேட்பேன். தப்பாக வெடித்தால் தகரப் பேணிக்குள் சில்லறைக் காசைக் குலுக்குகிற மாதிரிக் கேட்கும். உன்னுடைய கோட்டுக்குத் தகரத்துக்கும் பிஸ்டனுக்கும் வித்தியாசம் தெரியாது. என் காதுக்குத் தெரியும். மே மாதம் வெயில் வரும் என்று சொல்ல எஞ்சினியர் படிப்புத் தேவையில்லை. வெயில் வந்தால் கேட்பேன். கேட்டால் குறைப்பேன். அவ்வளவுதான் வேலை.

எனக்கு இது விளையாட்டில்லை. ஒஸ்லோவில் இருக்கிற கராச்செல்லாம் ஏறி இறங்கிவிட்டேன், ஒருவரும் என்னை லார்லிங்காக, தொழில் பழகுகிறவளாக, எடுக்கவில்லை. ட்ராக் நாள் முடிந்து மார்க் சந்தோசமாக வீட்டுக்குப் போனால் பயிற்சி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவேன் என்று மாமா சொல்லியிருக்கிறார். அந்த ஒப்பந்தம் இருந்தால் எனக்கு ஒரு சான்றிதழ் வரும், நானும் மெக்கானிக். இல்லாவிட்டால் நான் தங்கச்சியின் மகள், உதவிக்கு நிற்கிறவள். இதில் நீ கையை வைக்காதே.

பொறாமை இல்லையாம். அப்போ சாப்பாட்டுப் பைக்குள் எப்போதும் இரண்டு கரண்டி வருமே, ஒன்று எங்கே? சண்டை நடந்த மறுநாளில் இருந்து நான் பெயின்ற் கிளறுகிற தடியால் சோறு தின்கிறேன்.

டிலக்சி

*

ஹவுகன்ஸ்டுவா
26 ஏப்ரல், ஞாயிறு இரவு

மச்சாளுக்கு,

கரண்டியை வைத்துவிட்டேன். அம்மா இரண்டு போடுவா, நான் ஒன்றை எடுத்துவிடுவேன். தடியால் தின்றதாக நீங்கள் எழுதியதை வாசித்துச் சிரித்தேன், பிறகு வெட்கமாக இருந்தது, பிறகும் சிரித்தேன்.

ஓம், பொறாமைதான்.

வீட்டில் சாப்பிட இருந்தவுடன் அப்பா தொடங்குவார். "டிலக்சியின்ரை கை இருக்கே, ஆணியைக் கண்ணாலை பாக்கத் தேவையில்லை அந்தப் பிள்ளைக்கு." அம்மா, "ஓம், கெட்டிக்காரி" என்பா. ஹரிசன் கூட, "அக்காக்கு ஒரு சைக்கிள் சங்கிலி போடத் தெரியாது" என்பான். அப்பா என்னைப் பார்த்தால் ஒரே கேள்விதான்: "பிசிக்ஸ் எந்த அதிகாரம்?" உங்களுக்கு அவர் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தருகிறார். எனக்கு வீட்டில் தனித் தட்டு, தனி மேசை, தனி விளக்கு. படிக்க.

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். உங்கள் நகத்துக்குள் இருக்கிற கறுப்பு எனக்கு வேண்டும். போன மாதம் அப்பாவின் வேலைச் சட்டையில் விரலைத் தேய்த்து, என் நகத்துக்குள் கிரீஸ் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். "கார் வேலையோ?" என்று ஒருத்தி கேட்டாள். "ஓம்" என்றேன். அன்றைக்கு முழுவதும் கையை மேசைமேல் வைத்துக்கொண்டே இருந்தேன்.

இவ்வளவும் உண்மை. கணக்கும் உண்மை. ஒன்று இருப்பதால் மற்றது பொய்யாகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில இரவுகளில் எண்களைப் பார்க்கும்போது, இதை உண்மையிலேயே காண்கிறேனா, காண ஆசைப்படுகிறேனா என்று தெரியாமல் போகிறது. அப்போதெல்லாம் முதலில் இருந்து திரும்பவும் செய்கிறேன். அதே விடைதான் வருகிறது.

நீங்கள் கேட்ட பிறகு குறைப்பேன் என்கிறீர்கள். சோதித்துப் பார்க்க நீங்கள் மேட்டு ரோட்டில் இழுப்பது சில விநாடிதான், பதிவில் இருக்கிறது. பிறகு மார்க் காலை எடுப்பார், காற்றடித்து எல்லாம் குளிரும். ட்ராக்கில் குளிர விடமாட்டார்கள். சுற்றுக்கு மேல் சுற்று. டர்போ அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிற காற்று சூடாகிக்கொண்டே போகும். நீங்கள் கேட்கும்போது பிஸ்டன் ஏற்கெனவே அடிவாங்கியிருக்கும். ஆறிய எஞ்சினில் கேட்ட காதை வைத்துக்கொண்டு சூடான எஞ்சினுக்கு எப்படி வாக்குக் கொடுக்கிறீர்கள்?

அப்பாவிடம் நான் சொல்ல முடியாது. பதிவுகளை எடுத்தது தெரிந்துவிடும். தெரியாவிட்டாலும் நம்பமாட்டார். தகரத்துக்குக் கத்தினவள்தானே.

தர்மினி

*

மோர்டென்ஸ்ருட்
12 மே

தர்மினி,

இரண்டு கிழமையாகப் பதில் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். இப்போது இருக்கிறது.

நேற்று நல்ல வெயில். எல்லிங்ஸ்ருட் பக்கத்து மேட்டில் மார்க்கும் நானும் திரும்பத் திரும்ப ஏறினோம், நீ சொன்ன மாதிரிக் குளிர விடாமல். உனக்காக இல்லை. நீ பிழை என்று காட்டத்தான். முதல் சில தரம் ஒன்றும் இல்லை. பிறகு காதுமூடிக்குள் ஏதோ ஒன்று. சின்னதாக. ஒரு குலுக்கல்.

"ஏதாவது கேட்டதா?" என்று மார்க் கேட்டார். "அது அந்தத் தகரம்" என்றேன். அவர் சிரித்தார், உன்னை நினைத்து. நானும் சிரித்தேன்.

தர்மினி, அந்தத் தகரத்தை நான் ஏப்ரல் மாதமே கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நித்திரை இல்லை. என் காது பொய் சொல்லவில்லை. நான்தான் காதுக்குப் பதில் சொல்லிக்கொடுத்தேன்.

நீ உன் பொறாமையை எழுதினாய், அதனால் என்னுடையதையும் எழுதுகிறேன், பிறகு இதைப் பற்றிக் கதைக்கக்கூடாது. கராச்சு ஒபிசில், கலண்டருக்கு மேலே, உன் பிசிக்ஸ் சோதனைத் தாள் ஒட்டியிருக்கிறது. ஆறுக்கு ஆறு புள்ளி, சிவப்பு மையில் வட்டம். வருகிற ஒவ்வொருவருக்கும் மாமா அதைக் காட்டுவார். "என்ரை மகள். எஞ்சினியரா வருவா." அதே ஆட்கள் என்னைப் பார்த்து யார் என்று கேட்டால், "தங்கேஸ்வரியின்ரை மகள், படிப்பு ஓடேல்லை, அதுதான் இஞ்சை நிக்கிறா" என்பார். நான் அவர்களின் காருக்குக் கீழே படுத்திருப்பேன். எனக்கும் கேட்கும் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. உனக்கு நகக் கறுப்பு வேண்டுமாம். வா, மாற்றிக்கொள்வோம்.

இப்போது விசயம். நான் சத்தம் கேட்டது என்று மாமாவிடம் சொன்னால் காரை அருளானந்தன் அண்ணையிடம் கொடுத்துவிடுவார். ஒப்பந்தம் போய்விடும். நீ கணக்குப் போட்டிருக்கிறாய். தீப்பொறியை எத்தனை பாகை பின்னால் இழுக்க வேண்டும்? விளக்கம் வேண்டாம். எண்ணை மட்டும் எழுது.

டிலக்சி

*

ஹவுகன்ஸ்டுவா
14 மே, வியாழன் இரவு

மச்சாளுக்கு,

எட்டு.

விளக்கம் வேண்டாம் என்றீர்கள், இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்பீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்லமாட்டேன்.

ட்ராக்கில் டர்போவைத் தாண்டி எஞ்சினுக்குள் போகும் காற்று எழுபது பாகைச் சூட்டுக்கு ஏறலாம் என்று எடுத்தேன். பெற்றோல் சாதாரண 95 ரகம் என்று எடுத்தேன். டர்போ அழுத்தம் நீங்கள் வைத்ததைவிடக் கொஞ்சம் கூடும், அதைக் கட்டுப்படுத்துவது பழைய வால்வு, அதற்கும் ஒரு பங்கு வைத்தேன். பிறகு தெரியாதவற்றுக்காக ஒரு பாகை. எல்லாவற்றையும் கூட்டினால் எட்டு. எட்டு வைத்தால் பேணிக்குள் சில்லறை ஒருபோதும் கேட்காது. அதற்கு நான் பொறுப்பு.

இழுவை கொஞ்சம் குறையும். மார்க்குக்குத் தெரியவரும்தான். ஆனால் உடைந்த எஞ்சினைவிட மெதுவான எஞ்சின் நல்லதுதானே?

இன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அப்பா ஒப்பந்தத்தைப் பற்றிக் கதைத்தார். ட்ராக் முடிந்த திங்கட்கிழமை கையெழுத்தாம். கோடை முழுவதும் உங்களோடு சேர்ந்து டியூன் வேலை மட்டுமே செய்யலாம் என்று யோசிக்கிறாராம், கராச்சுக்குப் புதுப் பெயர்ப்பலகைகூட எழுதப்போகிறாராம். "நானும் டிலக்சியும்" என்றார். அம்மா எனக்குக் கத்தரிக்காய் போட்டா. எனக்குப் பசிக்கவில்லை.

வாழ்த்துகள்.

தர்மினி

*

கராச்சில் இருந்து
29 மே, வெள்ளி மத்தியானம்

தர்மினி,

சோறு சூடாகிற நேரத்தில் எழுதுகிறேன். மாமா முன்னால் ஒரு ஆளோடு கதைத்துக்கொண்டு நிற்கிறார்.

உன் எட்டைப் போட்டுப் பத்து நாள் ஆகிறது. செப்புக் குழாயில் ஒரு முணுமுணுப்பும் இல்லை, கோவில் மாதிரி அமைதி. கார் பஸ் மாதிரிப் போகிறது. மார்க் முகத்தைச் சுளித்தார். "ட்ராக்குக்கு இதுதான் வேண்டும், பொறுங்கள்" என்றேன். மாமா கணினியைப் பார்த்துவிட்டு, "எட்டோ? ஆர் சொன்னது எட்டு எண்டு?" என்று கேட்டார். "நான்தான் மாமா" என்றேன். வேறு என்ன சொல்ல? உன் பெயரைச் சொன்னால் உன் கோடை போய்விடும். "சரி, உனக்குத் தெரியாததே?" என்று விட்டுவிட்டார்.

நீ பயப்படுகிற இடத்தில் நானும் பயப்படப் பழகிவிட்டேன். கணக்கு உன்னுடையது, பொறுப்பு என்னுடையது.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும். நேற்று மேட்டில் நீளமாக இழுத்துவிட்டு வந்து எஞ்சினை மூடுகிற பொனற்றைத் திறந்தோம். டர்போவுக்குப் பக்கத்துக் குழாய் சிவந்து போயிருந்தது, அடுப்புக் கம்பி மாதிரி. இதற்கு முதல் இப்படி இருந்ததில்லை. மார்க் படம் எடுத்தார், வடிவாக இருக்கிறதாம். எனக்குச் சத்தத்தில்தான் பயம், நிறத்தில் பழக்கமில்லை. அது சரிதானே? எட்டு என்றால் அப்படித்தான் இருக்குமா?

நாளை விடிய ஆறு மணிக்கு மாமாவை ஏற்ற உங்கள் பிளற் கட்டடத்துக்குக் கீழே வான் வண்டியோடு நிற்பேன். காரை இழுவைவண்டியில் ஏற்றியாயிற்று.

டிலக்சி

*

ஹவுகன்ஸ்டுவா
29 மே, வெள்ளி இரவு

டிலக்சி மச்சாள்,

சரியில்லை. அது சரியில்லை. நாளை ஓடவிடாதீர்கள், எட்டில் ஓடவிடாதீர்கள்.

நாளைக்குச் சாப்பாட்டுப் பை போகாது, அம்மா சோறு இல்லாமல் பாண்தான் கட்டுகிறா. இதை நானே கீழே கொண்டுவந்து உங்கள் கையில் தருவேன். பதினொரு மணியாகிறது, வெளியில் இன்னும் முழுதாக இருட்டவில்லை. விளக்கைப் போர்வைக்குள் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கூட்டி வாசியுங்கள்.

தீப்பொறியை அளவுக்கு மிஞ்சிப் பின்னால் தள்ளினால் கலவை பிந்தி எரியும். எரிந்து முடிவதற்குள் வெளிவால்வு திறந்துவிடும். நெருப்போடு புகைக்குழாய்க்குள் போகும், அங்கே இருந்து டர்போவுக்குள். அதனால்தான் சிவக்கிறது. மேட்டில் ஒரு இழுவைக்கே சிவந்தது என்றால், ட்ராக்கில் சுற்றுக்கு மேல் சுற்று போனால் டர்போ போய்விடும், குழாய் வெடிக்கும். பேணிக்குள் சில்லறை கேட்காது. ஒன்றுமே கேட்காது. உங்கள் காதுக்கு ஒரு அறிவித்தலும் வராமல் உடையும்.

இதை நீங்கள் எப்படி அறிந்திருப்பீர்கள்? நான் அறிந்திருந்தேன். புத்தகத்தில் அதே பக்கத்தில், அடுத்த பந்தியில் இருக்கிறது. பதினாலாம் திகதி உங்களுக்கு எழுதும்போது அந்தப் பக்கம் என் முன்னால் திறந்திருந்தது. 'இழுவை கொஞ்சம் குறையும்' என்று மட்டும் எழுதினேன்.

நான் பொய் எண் எழுதவில்லை. அதுதான் கேவலம். பொய் எழுதியிருந்தால் எழுதும்போதே எனக்குத் தெரிந்திருக்கும். நான் ஒவ்வொரு இடத்திலும் நின்று, இருக்கிற எண்களில் மிகவும் பயங்கரமானதைத் தெரிந்தெடுத்தேன். காற்று ஐம்பத்தைந்துக்கு மேல் போக வாய்ப்பில்லை, எழுபது போட்டேன். மார்க் விலைகூடிய 98 ரகம் தவிர வேறொன்றும் அடிக்கமாட்டார், பெற்றோல் மூடியில் கையால் எழுதியே ஒட்டியிருக்கிறார், நான் பார்த்திருக்கிறேன், 95 போட்டேன். வால்வை நீங்கள் மார்ச்சில் மாற்றினீர்கள் என்று அப்பா சாப்பாட்டு மேசையில் சொன்னார், பழையது என்று போட்டேன். ஒவ்வொன்றையும் யாராவது கேட்டால், 'கவனமாக இருக்கத்தான்' என்று சொல்லலாம். கூட்டிப் பார்த்தால் கவனம் இல்லை. கூட்டிப் பார்த்தால் மார்க் முகத்தைச் சுளிக்கவேண்டும், அப்பா கையெழுத்துப் போடக்கூடாது, பலகையில் 'நானும் டிலக்சியும்' என்று வரக்கூடாது. அதுதான் விடை. அதைத்தான் எட்டு என்று எழுதினேன்.

சரியான எண் நான்கு. சாப்பாட்டுப் பையைக் கழுவினதில் இருந்து இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். மூன்று தரம் செய்தேன், ஒவ்வொரு தரமும் எனக்குப் பிடித்த எண்ணை எடுக்காமல், பதிவில் இருக்கிற எண்ணை எடுத்தேன். நான்கு.

ஆனால் என் நான்கை அப்படியே நம்பாதீர்கள். நான் அந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு மாதமாகிறது. ட்ராக்கில் முதல் இரண்டு சுற்றுக்கு மார்க்கை மெதுவாக ஓடச் சொல்லி, எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். பிறகு நான்கில் ஒரு முழு இழுவை. குழாயில் கேளுங்கள். குலுக்கல் இருந்தால் ஐந்து. இல்லாவிட்டால் நான்கிலேயே விடுங்கள், மூன்றுக்கு ஆசைப்படாதீர்கள், மார்க் கேட்டாலும். வந்து பொனற்றைத் திறந்து குழாயின் நிறத்தையும் பாருங்கள். சிவப்பு இருக்கக்கூடாது. கேட்டதைத் தகரம் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். நான் எட்டு என்று சொல்லிக்கொண்டேன், நீங்கள் தகரம் என்று சொல்லிக்கொண்டீர்கள்.

இதை எழுதிவிட்டதால் என் பொறாமை போய்விட்டது என்று நினைக்கவேண்டாம். போகவில்லை. நாளை நீங்கள் அந்த வெயிலில் ட்ராக் ஓரத்தில் நிற்பீர்கள். காதுமூடி போட்டிருப்பீர்கள். நான்கு சரியாக வந்தால் அப்பா உங்கள் தோளில் தட்டுவார். நான் இங்கே அதிகாரம் ஒன்பது படித்துக்கொண்டு இருப்பேன், அவர் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கும். இப்போதே கேட்கிறது. இருந்தாலும் நான்குதான்.

இன்னொன்று. இத்தனை நாள் எட்டு என்று நின்றுவிட்டு, நாளைக் காலையில் ட்ராக்கில் வைத்து நீங்கள் நான்கு என்றால் அப்பாவுக்குச் சந்தேகம் வரும். "தெரியாமல் தடவுறாய்" என்று கணினியை வாங்கி அருளானந்தன் அண்ணையிடம் கொடுப்பார். அவர் எட்டிலேயே விடுவார், பத்திரமான எண் என்று நினைத்து. அதனால் எண் எங்கே இருந்து வந்தது என்று அப்பாவுக்குத் தெரியவேண்டும். பதிவுகளை எடுத்தது, இரவில் முழித்தது, கடிதங்கள், கரண்டி வரை. என் கோடை போகட்டும். அவர் எத்தனை நாள் கதைக்காமல் இருப்பாரோ தெரியாது, ஆனால் நீங்கள் 'நான்தான் மாமா' என்று சொன்னதை வாசித்த பிறகு வேறு வழி இல்லை. வான் வருவதற்கு முன்னால், அவர் தேத்தண்ணி குடிக்கிறபோது சொல்லப்போகிறேன். எப்படித் தொடங்குவது என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 'அப்பா, அந்த எட்டு டிலக்சி மச்சாளின்ரை இல்லை, என்ரை.' அதற்குமேல் அவர் என்ன கேட்டாலும்...

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா என்றால் தட்டிக்கொண்டே உள்ளே வந்துவிடுவா. இவர் வெளியிலேயே நிற்கிறார். திரும்பவும் தட்டுகிறார். அப்பாதான். இந்தத் தாளை ஒளிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கதவைத் திறக்கிறேன்.